மேய்ச்சல் நின்ற மலர்வெளி

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் புஷ்பாவதி என்றொரு ஆறு ஓடுகிறது. டிப்ரா பனிப்பாறையில் பிறந்து, புல்வெளியை ஊடறுத்து இறங்கி, காங்கரியா என்ற சிற்றூருக்கு அருகே வேறொரு மலையாற்றோடு கலந்துவிடுகிறது. மிகச் சின்ன ஆறு. ஆனால் அதன் இரு கரைகளிலும் விரிந்திருக்கும் வெளியைத்தான் உலகம் மலர்ப் பள்ளத்தாக்கு என்று அறிந்திருக்கிறது. 1982 வரை கோடைதோறும் இங்கே ஆட்டு மந்தைகள் ஏறிவந்து மேய்ந்தன. அந்த ஆண்டு இது தேசியப் பூங்கா ஆனது, மேய்ச்சல் நின்றது. பத்தாண்டுகள் போவதற்குள் ஒரு புகார் கிளம்பியது: ஆடுகள் போனபிறகு பூக்கள் குறைந்துவிட்டன, ஆளுயரம் வளரும் ஒரே வகைச் செடி பள்ளத்தாக்கை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். காப்பதற்காகப் போட்ட தடையே காக்கப்பட வேண்டியதைக் கெடுத்துவிட்டதா?

நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வி ஓயவில்லை. அதற்கு விடை தேடுவதற்கு முன், அங்கே என்னதான் வாழ்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பூங்காவின் பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பாறையும் பனியும். செடிகள் செழிக்கும் பள்ளத்தாக்குத் தரை சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம்தான். பழைய பனிப்பாறை ஒன்று குடைந்துவிட்டுப் போன அகன்ற தொட்டி அது. தரைமட்டம் 3,300 மீட்டருக்கு மேல். சுற்றியுள்ள சிகரங்கள் 6,000 மீட்டரைத் தாண்டுகின்றன. நவம்பர் முதல் மே வரை எல்லாமே பனிக்குள் புதைந்து கிடக்கும். ஆக, ஒரு செடி முளைத்து, இலைவிட்டு, பூத்து, விதைத்து, மறுபடி உறங்கப் போவதற்குக் கிடைப்பது நான்கைந்து மாதங்கள். இந்த நெருக்கடிதான் பள்ளத்தாக்கின் அழகுக்குக் காரணம். 500-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் ஒரே குறுகிய பருவத்துக்குள் முண்டியடித்துப் பூத்தாக வேண்டியிருக்கிறது.

முண்டியடித்தாலும் ஒரு வரிசை உண்டு. மே கடைசியில் பனி விலகும் விளிம்பிலேயே பிரிமுலாக்கள் தலைகாட்டும். நீர் கசியும் இடங்களில் கால்தாவின் மஞ்சள், சரிவுகளில் அனிமோனின் வெள்ளை. இவை போன ஆண்டே கிழங்கிலும் வேரிலும் சேமித்து வைத்ததைக் கொண்டு பூப்பவை, அதனால் காத்திருக்கத் தேவையில்லை. ஜூலையில் பருவமழை இறங்கியதும் காட்சி மாறுகிறது. செந்நிறப் பொட்டன்டில்லா, நீலமும் ஊதாவும் கலந்த ஜெரேனியம், பெடிகுலாரிஸ், காம்பனுலா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஆகஸ்டில் பால்சம் செடிகள் இடுப்பு உயரத்துக்கும் மேலே எழும்பி ஆற்றங்கரையை இளஞ்சிவப்பாக்கும். அவை நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் உறவுக்காரர்கள். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதையைச் சிதறடிக்கும் அதே குணம் இமயத்திலும் மாறவில்லை. செப்டம்பரில் ஜென்ஷியனும் நீல சயனாந்தஸும் தரையோடு தரையாக விரிந்து கிடக்க, இலைகள் பழுத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் செம்பழுப்பாக மாறும். ஜூலையில் ஒருவரும் செப்டம்பரில் ஒருவரும் போய்வந்தால் இருவரும் ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புவது கடினம். 'பூக்கள் குறைந்துவிட்டன' என்ற புகாரை எடைபோடும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனித்தனிச் செடிகளிலும் வியப்புக்குக் குறைவில்லை. இமாலய நீலப் பாப்பி கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டிலும் இலையிலும் முள், இதழ்கள் மட்டும் மெல்லிய பட்டுத்துணியின் நீலம். பல ஆண்டுகள் வெறும் இலைக்கொத்தாக இருந்து வலுச்சேர்த்துக்கொண்டு, வாழ்வில் ஒருமுறை பூத்து, விதை கொடுத்து, மடிந்துவிடும். பூவைப் பறித்தால் அந்தச் செடியின் வம்சத்தையே பறித்ததாகிறது. பாம்புப் படம் போல விரியும் அரிசெமாவும் சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் இனம்தான். இன்னும் மேலே, பாறைச் சரிவுகளில், பிரம்ம கமலம். பெயரில் கமலம் இருந்தாலும் தாமரைக்கும் அதற்கும் உறவில்லை, சூரியகாந்திக் குடும்பம் அது. வெளியே தெரியும் வெண்மஞ்சள் 'இதழ்கள்' உண்மையில் ஒளி ஊடுருவும் பூவடிச் செதில்கள். உள்ளே ஊதாநிறச் சிறுபூக்கள் மழையும் குளிரும் தீண்டாமல் கதகதப்பாக இருப்பதற்கு அவை கூடாரம் கட்டிக்கொடுக்கின்றன. சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் ஏரிக்குச் செல்லும் செங்குத்தான வழியில் இதை நிறையப் பார்க்கலாம்.

மருந்துச் செடிகள் தனிக்கதை. சென்னையிலோ மதுரையிலோ நாட்டுமருந்துக் கடையில் அதிவிடயமும் கடுகுரோகிணியும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சித்த மருத்துவத்தின் பல செய்முறைகளில் இவை சேர்கின்றன. ஆனால் இரண்டுமே தமிழ் மண்ணில் விளைபவை அல்ல. இமயத்தின் உயர்மலைப் புல்வெளிகளில் மட்டுமே வளர்பவை. இந்தப் பள்ளத்தாக்கிலும் உண்டு. இரண்டிலும் மருந்து இருப்பது நிலத்துக்கு அடியில், வேரிலும் கிழங்கிலும். ஆகவே தோண்டி எடுத்தால் செடியே போயிற்று. குளிர் நிலத்தில் மெதுவாக வளரும் இவை இழப்பை ஈடுகட்ட ஆண்டுகள் பிடிக்கும். உள்ளூர் மக்கள் இந்தப் பள்ளத்தாக்கின் 45 வகைச் செடிகளை மருந்தாகப் பயன்படுத்தினார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அவர்களிடம் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. நந்தாதேவிக்கு உரிய நந்தாஷ்டமித் திருநாளுக்கு முன்பு பூவையோ மூலிகையையோ பறிக்கக் கூடாது. அந்தத் திருநாள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். அதற்குள் பெரும்பாலான செடிகள் விதையைக் கொட்டிவிட்டிருக்கும். வனச்சட்டம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே நடைமுறையில் இருந்த சட்டம் இது. பின்னால் வந்த அதிகாரிகள் இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

புல்வெளியின் கீழ்விளிம்பில் பூர்ஜ மரங்களும் ரோடோடெண்ட்ரான் புதர்களும் சேர்ந்து மரங்களின் கடைசி எல்லையை வகுக்கின்றன. தெற்கே பனையோலை செய்த வேலையை வடமேற்கு இந்தியாவில் பூர்ஜத்தின் பட்டை செய்தது. சுழியம் எழுதப்பட்ட மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றான பக்ஷாலி கணிதச் சுவடி இந்தப் பட்டையில்தான் எழுதப்பட்டது. கஸ்தூரி மானின் இருப்பிடம் இந்த விளிம்புக் காடு. கொம்பு இல்லாத மான் அது. ஆணுக்கு மேல்வாயிலிருந்து இரண்டு கோரைப்பற்கள் கீழே நீண்டிருக்கும். வயிற்றடியில் உள்ள சிறு பையில் சுரக்கும் கஸ்தூரிக்காகவே பல தலைமுறைகளாக வேட்டையாடப்பட்டு அரிதாகிவிட்டது. அதே காட்டில், ஒன்பது நிறங்களும் உலோகம் போல் மின்னும் மோனால் கோழி, வளைந்த அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்கும் புழுவும் தேடும். உத்தராகண்டின் மாநில விலங்கு கஸ்தூரி மான், மாநிலப் பறவை மோனால், மாநில மலர் பிரம்ம கமலம். மூன்றுக்கும் இந்த ஒரு பள்ளத்தாக்கே வீடு.

மேலே செங்குத்துப் பாறைகளில் பாரல் எனும் நீல ஆடுகளும் இமாலய வரையாடுகளும் மேய்கின்றன. நீலகிரியின் வரையாட்டையும் இதையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் வந்த மரபணு ஆய்வு, நம்முடையது செம்மறிகளுக்கு நெருக்கமான தனிப் பேரினம் என்று பிரித்துவிட்டது. பாரலைத் தேடிப் பனிச்சிறுத்தை வரும். பழுப்புக் கரடியும் கருங்கரடியும் செந்நரியும் உண்டு. பாறைக் குவியல்களில் பைகா வசிக்கிறது. முயலின் உறவான, எலி அளவே உள்ள சிறு பிராணி. குளிர்காலத்தில் உறங்காமல் பனிக்கு அடியிலேயே நடமாடிக்கொண்டிருக்கும். வானத்தில் தாடிப் பாறு வட்டமிடுகிறது. ஆனால் பூக்களின் உண்மையான எஜமானர்கள் இவர்கள் யாருமல்ல. தேனீக்கள் தயங்கும் குளிரிலும் சிறகுத் தசைகளை நடுக்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்டு பறக்கிற பம்பிள் ஈக்கள்தான் இந்த உயரத்தில் மகரந்தச் சேர்க்கையின் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. சுற்றுலாக் கையேடுகள் பனிச்சிறுத்தைக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகின்றன. இந்த ஈக்களுக்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை.

இப்போது ஆடுகளுக்கு வருவோம்.

1931-இல் பிரிட்டிஷ் மலையேறிகள் குழு ஒன்று காமெட் சிகரத்தின் உச்சியை அடைந்தது. 7,756 மீட்டர். அதுவரை மனிதர் எட்டிய சிகரங்களில் அதுதான் உயரமானது. திரும்பும் வழியில் ஒரு கணவாயைத் தாண்டி மழையோடு மழையாக இந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார்கள். குழுத் தலைவர் ஃபிராங்க் ஸ்மைத்தும் தாவர ஆர்வலரான ஹோல்ட்ஸ்வொர்த்தும் கண்டதை மறக்க முடியாமல் போனார்கள். ஸ்மைத் 1937-இல் மீண்டும் வந்து தங்கி விதைகளும் கிழங்குகளும் சேகரித்தார். மறு ஆண்டு அவர் எழுதிய நூல்தான் இந்த இடத்துக்கு உலகம் அறிந்த பெயரைக் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1939-இல் தாவரங்கள் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி, பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

ஸ்மைத் 'கண்டுபிடித்தார்' என்று இன்றும் எழுதுகிறார்கள். அருகிலுள்ள ப்யூந்தர் கிராமத்தாருக்கு அது எப்போதும் தெரிந்த இடம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஸ்மைத்தை மெய்மறக்கச் செய்த அந்த வெளி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த வெளி. கர்வாலில் புக்யால் என்று சொல்லப்படும் இத்தகைய உயர்மலைப் புல்வெளிகளுக்குக் கோடையில் மந்தையோடு ஏறுவதும், குளிருக்கு முன் இறங்குவதும் பல நூற்றாண்டுப் பழக்கம். மனிதன் தொடாத இயற்கை என்று நாம் ரசித்த படத்துக்குள் மேய்ப்பர்களும் இருந்தார்கள்.

மேய்ச்சல் தடையை எதிர்த்தவர்களின் வாதம் இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. ஆடு உயரமான செடிகளைக் கடித்துத் தணிக்கிறது, அதனால் குட்டையான பூஞ்செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது, ஆட்டை விலக்கினால் உயரமானவை மேலோங்கும் என்பது வாதம். அதற்குச் சாட்சியாக அவர்கள் காட்டியது அமேலாவை. தாவரவியலாளர்கள் பாலிகோனம் பாலிஸ்டேக்கியம் என்று அறிந்த இந்தச் செடி, நம்மூர் நீர்நிலை ஓரங்களில் வளரும் ஆற்றலரியின் குடும்பம். மண்ணுக்கடியில் தண்டை ஓடவிட்டுப் பரவும். இரண்டு மீட்டர் வரைகூட உயரும். அதன் அடர்ந்த இலைகளுக்குக் கீழே மற்றச் செடிகள் பிழைப்பது கடினம். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் பள்ளத்தாக்கைப் பார்த்த தாவரவியலாளர் சிலர், தடையின் விளைவே இந்தப் பரவல் என்று எழுதினார்கள்.

1990களில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்த சந்திர பிரகாஷ் காலா இதைத் தரையில் இறங்கிச் சோதித்தார். பள்ளத்தாக்கின் பல்வேறு பகுதிகளில் செடிகளை எண்ணினார். மேய்ச்சல் தொடர்ந்துகொண்டிருந்த அண்டைப் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டார். அவருக்குத் தெரிந்த சித்திரம் வேறு. அமேலா எல்லா இடத்திலும் சீராகப் பரவவில்லை. மண் சரிந்த இடங்களிலும், ஒரு காலத்தில் மந்தைகள் இரவில் அடைந்த பட்டிகளிலும்தான் அது குவிந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து நைட்ரஜன் ஏறிப்போன மண் அது. அந்த உரம் தீர்வதற்கு நீண்ட காலம் பிடிக்கும். அதாவது ஆடுகள் இல்லாததால் வந்த செடி என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால், ஆடுகள் இருந்ததன் தடமும் இருந்தது. தடையை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு அவருடைய தரவுகள் இடம் தரவில்லை.

அமேலா அந்த மண்ணுக்கு உரிய செடி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து விடவில்லை. இதே செடி தோட்ட அலங்காரமாக ஐரோப்பாவுக்குப் போய் அங்கே காட்டுக்குத் தப்பியது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் அதைச் சேர்த்தது. புஷ்பாவதிக் கரை பால்சத்தின் நெருங்கிய உறவான மற்றொரு இமாலய பால்சம் 1839-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்று பிரிட்டனின் ஆற்றோரப் புல்வெளிகளில் அது உண்டாக்கும் சேதத்தைத் தடுக்க, அதன் தாயகத்திலேயே அதைத் தாக்கும் ஒரு துருப்பூஞ்சையை எடுத்துப்போய் 2014 முதல் அங்கே பரப்புகிறார்கள். பிறந்த இடத்தில் ஒரு செடியை அளவோடு வைத்திருப்பது ஆடு மட்டுமல்ல என்பதற்கு இது நல்ல ஆதாரம். பூஞ்சை, பூச்சி, பனிச்சரிவு, அக்கம்பக்கத்துச் செடிகளின் போட்டி எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

ஆனாலும் தடையை எதிர்த்தவர்களை ஒதுக்கிவிட முடியாது. வேறு இரண்டு புல்வெளிகளில் அவர்கள் சொன்னதே நடந்திருக்கிறது.

முதலாவது நம் நாட்டிலேயே இருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூர், கேவலாதேவ் பூங்கா, வெறும் 29 சதுர கிலோமீட்டர். கம்பீர், பாணகங்கா ஆறுகளின் வெள்ளச் சமவெளியில் அணைகட்டி நீர் நிறுத்தி உருவான சதுப்பு நிலம். 1982 நவம்பரில் இங்கேயும் எருமைகள் மேய்வது தடுக்கப்பட்டது. எதிர்த்த கிராமத்தார் மீது துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அந்தப் பத்தாண்டு முழுவதும் பூங்காவை ஆராய்ந்தது. ஆய்வை நடத்தியவர் வி. எஸ். விஜயன். பிறகு கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானவர் இவர்தான். முடிவு தெளிவாக இருந்தது. எருமைகள் போனதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தடையின்றிப் பெருகி, நீர்ப்பரப்பை அடைத்தது. திறந்த நீரில் இரை தேடும் பறவைகளுக்கும், கிழங்கு தோண்டித் தின்னும் பறவைகளுக்கும் இடம் குறைந்தது. தடைக்கு ஆதரவாக இருந்த அறிவியலாளர்களே அதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். பறவைகளைக் காக்க எருமைகளை விரட்டியவர்கள், எருமை அந்த நீர்நிலைக்குச் செய்துவந்த வேலையை அறியாமல் விரட்டியிருந்தார்கள். அதற்காக மனித உயிர்களும் போயின என்பதுதான் மன்னிக்க முடியாதது.

இரண்டாவது போலந்தின் வடகிழக்கில் உள்ள பியெப்ஷா ஆற்றுப் பள்ளத்தாக்கு. 1993-இல் தேசியப் பூங்காவான இது 592 சதுர கிலோமீட்டர் பரப்புடன் அந்த நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. ஆறு வசந்தத்தில் கரைபுரண்டு நீண்ட நாட்கள் வடியாமல் நிற்கும். கரிச்சதுப்பும் கோரைப்புல்லும் அடிவானம் வரை. மான்களுள் மிகப் பெரியதான மூஸ், நீர்நாய், கொக்கு இனங்கள் எல்லாம் அங்கே ஏராளம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் பெருமை கைக்குள் அடங்கும் ஒரு குருவி. கோரைக்கதிர்க்குருவி என்று அதைச் சொல்லலாம். பழுப்பு உடம்பில் மஞ்சள் கோடுகள் ஓடும். ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் கூடுகட்டும் பாட்டுப்பறவைகளில் உலக அளவில் அழிவை எதிர்நோக்குவது இது. உலகில் மிஞ்சியுள்ளவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பியெப்ஷாவில் இனப்பெருக்கம் செய்கிறது. குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை பறக்கிறது.

இந்தக் குருவிக்குக் குட்டையான, ஈரமான, புதர் இல்லாத கோரைவெளி வேண்டும். பல தலைமுறைகளாக விவசாயிகள் முழங்கால் நீரில் நின்று நீளக் கைப்பிடி அரிவாளால் அந்தக் கோரையை அறுத்தார்கள். அறுத்ததைப் போராக அடுக்கிவைத்து, சதுப்பு உறைந்த பிறகு குளிர்காலத்தில் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மாடுகளுக்குப் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அந்த உழைப்பு கட்டுப்படியாகாமல் போனது. அறுப்பு நின்ற இடங்களில் நாணலும், பிறகு வில்லோவும் பூர்ஜமும் வந்தன. மரம் வந்ததும் குருவி போனது. பூங்காவைச் சட்டம் காத்தது, புல்வெளியைக் காக்க அதனால் இயலவில்லை. கடைசியில் போலந்தின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒரு வழி கண்டது. பனிச்சறுக்குச் சரிவுகளைச் சமன்செய்யும் அகலச் சங்கிலிப்பட்டை வண்டிகளை மாற்றியமைத்து, கரிமண் அமுங்காதபடி கோரையை அறுக்க வைத்தார்கள். குஞ்சுகள் பறந்தபிறகே அறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானியம் விவசாயிகளையும் மறுபடி சதுப்புக்கு அழைத்துவந்தது. ஆனால் நீரைப் பொறுத்தவரை சிக்கல் தீரவில்லை. பழைய வடிகால் கால்வாய்களும் பனி குறைந்த குளிர்காலங்களும் சேர்ந்து கரிமண்ணை உலர்த்துகின்றன. 2020 ஏப்ரலில் சுமார் 5,500 ஹெக்டேர் எரிந்துபோனது.

ஒரே கேள்விக்கு மூன்று இடங்களும் ஒரே விடையைச் சொல்லவில்லை. இதில் முரண் இல்லை. பியெப்ஷா மரம் வளரக்கூடிய உயரத்தில் இருக்கிறது. அறுப்பு நின்றால் காடு நுழைவது திண்ணம். கேவலாதேவ் மனிதர் கட்டிய அணைகளால் உண்டான நீர்நிலை, எருமை அதன் தொடக்கம் முதலே உடனிருந்த பிராணி. மலர்ப் பள்ளத்தாக்கின் நிலை வேறு. அதன் பெரும்பகுதி மர எல்லைக்கு மேலே அல்லது அதன் விளிம்பில் இருக்கிறது. அங்கே வெளியை வெளியாக வைத்திருப்பது முதலில் குளிர், அடுத்து பனிச்சரிவு. ஆண்டுதோறும் சரிந்து விழும் பனி மரக்கன்றுகளை முறித்துப் போடுகிறது, மண்ணைப் புரட்டி வெற்றிடம் உண்டாக்குகிறது. பாரலும் வரையாடும் தங்கள் பங்குக்கு மேய்கின்றன. ஆடு இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கு காடாகிவிடாது. எந்தச் செடி எந்த விகிதத்தில் இருக்கும் என்பது வேண்டுமானால் மாறும். அதனால் பரத்பூரைக் காட்டி இங்கே தடையை நீக்கு என்பதும், இங்கே உள்ளதைக் காட்டி எல்லாப் புல்வெளியையும் வேலியிடு என்பதும் ஒரே பிழை. நம் வன நிர்வாகம் 1982-இல் இரண்டு இடங்களுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தது. எருமை நனைக்கும் சமவெளிச் சதுப்புக்கும் ஆண்டில் பாதிக்கு மேல் பனி மூடும் மலைச்சரிவுக்கும் பொதுவான ஒரே விஷயம், இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் தேசியப் பூங்கா ஆனது.

மலர்ப் பள்ளத்தாக்கில் தடை நன்மையும் செய்திருக்கிறது. மந்தைகளோடு சேர்ந்து நடந்த வேர் தோண்டல் நின்றது. வணிகர்களின் கைக்கு மருந்துச் செடிகள் போவது இப்போது பூங்காவுக்குள் மிகவும் கடினம். இரவு தங்க அனுமதி இல்லை, ஜூன் முதல் அக்டோபர் வரை பகலில் மட்டுமே நுழையலாம். 2005-இல் நந்தாதேவிப் பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, இந்தப் பாதுகாப்பும் கணக்கில் வந்தது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மாநிலத்தின் எல்லா புக்யால்களிலும் இரவில் தங்குவதைத் தடைசெய்தது. வேலியில்லாத புல்வெளிகளின் நிலை எவ்வளவு மோசமாகியிருந்தது என்பதற்கு அந்த ஆணையே சான்று.

நன்மைக்கான விலையை மட்டும் ஒரே கிராமத்தார் கொடுத்தார்கள். மேய்ச்சல் உரிமையும் மூலிகை உரிமையும் போயின. பிழைப்பு முழுவதும் ஹேம்குண்ட் யாத்திரிகர்களையும் பூப்பார்க்க வருபவர்களையும் நம்பியதாகிவிட்டது. கோவேறு கழுதை ஓட்டுதல், தேநீர்க் கடை, சுமைதூக்கல். வழிநெடுகக் குவிந்த பிளாஸ்டிக் குப்பையைக் கீழே இறக்கியதும் அவர்களுடைய சூழல் மேம்பாட்டுக் குழுதான். 2013 ஜூன் பெருவெள்ளம் ப்யூந்தர் கிராமத்தையும் மலைப்பாதையையும் பாலங்களையும் அடித்துச் சென்றபோது, அந்த ஒரே வருவாயும் நின்றுபோனது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளத்தாக்கை நடந்து அறிந்தவர்களிடம், எந்தச் சரிவில் எப்போது அமேலா பெருகியது என்ற அறிவும் இருக்கிறது. மந்தை ஏறாத தலைமுறை வளர வளர அதுவும் குறைகிறது.

அமேலாவை வனத்துறை இப்போது ஆண்டுதோறும் ஆட்களை வைத்து வெட்டியும் பிடுங்கியும் வருகிறது. இதில் கவனம் தேவை. கிளறிய மண்ணை விரும்பும் செடியைப் பிடுங்கும்போது, மண்ணைக் கிளறிவிடுகிறோம். துண்டாகிப்போன அடித்தண்டிலிருந்து அது மறுபடி முளைக்கவும் கூடும். அடர்ந்த திட்டுகளில் பூக்கும் முன் வெட்டுவதும், சரிவான இடங்களில் வேரைத் தொடாமல் விடுவதும் அறிவுடைமை.

இதைவிட அவசரமான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மேய்ச்சல் தேவையா இல்லையா என்ற விவாதத்தை நாற்பது ஆண்டுகளாக நினைவை வைத்தும், ஓரிரு பருவ ஆய்வுகளை வைத்துமே நடத்திக்கொண்டிருக்கிறோம். பள்ளத்தாக்கின் பழைய பட்டி நிலம் ஒன்றிலும், நிலச்சரிவு ஒன்றிலும், இரண்டும் தொடாத தரை ஒன்றிலும் நிரந்தரக் கட்டங்கள் குறிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கட்டத்தில் கோடை முடிவில் சில நாட்கள் மட்டும், நந்தாஷ்டமிக்குப் பிறகு, சில ஆடுகளை விட வேண்டும். ஒன்றில் அமேலாவை வெட்ட வேண்டும். ஒன்றை அப்படியே விட வேண்டும். இருபது ஆண்டுகள் ஒவ்வொரு பருவத்திலும், ஜூனிலும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், எண்ண வேண்டும். பூக்களோடு பம்பிள் ஈக்களையும் எண்ண வேண்டும். எண்ணுகிறவர்கள் ப்யூந்தர் கிராமத்தின் இளைஞர்களாக, அதற்குச் சம்பளம் பெறுபவர்களாக இருக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற பூர்ஜமும் ரோடோடெண்ட்ரானும் மேலே நகர்கின்றனவா என்பதையும் அதே கட்டங்கள் சொல்லிவிடும். இதற்கு ஆகும் செலவு, ஹேம்குண்ட் பாதையை ஒரு வெள்ளத்துக்குப் பிறகு செப்பனிட ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கு.